இரவல் சோபா

விண்ணப்பம் பதினான்கு பக்கம். வீட்டின் மூத்த மகள் அதைக் கரைத்துக் குடித்திருந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டத்தான் வழியில்லை. உதவித்தொகை வந்தால் படிப்பு. வராவிட்டால் அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போய் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டியதுதான். ஒன்பதாம் பக்கம்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவார், என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார் என்று அதில் போட்டிருந்தது. அந்த ஆள் வருவது இன்று, பதினொரு மணிக்கு.

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சான்றிதழ்களை எடுத்து அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பத்து மணிக்கு மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க ஓடினாள். அங்கே மெஷின் மக்கர் பண்ணி அரைமணி நேரத்தைத் தின்றது. திரும்பி வந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இரண்டாம் மாடி ஏறியவள், வேறு வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சோபா. பக்கத்தில் ஆளுயர பிரிட்ஜ். நடுவில் அம்மா, கல்யாண வீட்டுக்காரி மாதிரி முகமெல்லாம் களையாக நின்றிருந்தாள்.

“என்னம்மா இது?”

“கீழ் வீட்டு டெய்லர் அண்ணன் சோபா. பிரிட்ஜ் மேல் வீட்டு நர்ஸ் அக்காவோடது. ஒரு ரெண்டு மணி நேரத்துக்குத்தான் கேட்டேன். எடுப்பா இருக்குல்ல?”

“ஐயோ! நம்மகிட்ட என்ன இல்லன்னு பார்க்கத்தாம்மா அவங்க வர்றாங்க!”

“போடி இவளே. ஒண்ணுமில்லாதவங்களை நம்பி யாருடி பணம் குடுப்பா? இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டப்போ நம்மள எப்படி ஏற இறங்கப் பார்த்தாங்க, மறந்துட்டியா? இருக்கிறவங்களைத்தான் பேங்க்காரங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் குடுக்கறாங்க.”

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதுதான் கொடுமை. உலகம் அவளுக்கு அப்படித்தான் காட்டியிருந்தது. இந்த ஒரு விண்ணப்பம் மட்டும் தலைகீழ் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பதினான்கு பக்கத்தையும் கரைத்துக் குடித்த மகராசி, அம்மாவுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டியிருக்கலாம். இஸ்திரி போடுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

மணி பத்து ஐம்பது. அப்பா ஓட்டுகிற லாரி எந்த ஊரில் நிற்கிறதோ, அவரைக் கூப்பிட முடியாது. டெய்லரையே மறுபடி இழுத்து வந்தார்கள். “இப்பத்தானே முதுகு ஒடிய ஏத்தினேன்,” என்று முனகிக்கொண்டே அவர் சோபாவின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார், மூத்தவள் மேல்பக்கத்தைப் பிடித்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் சோபா சிக்கியது. மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“கொஞ்சம் வழி விடுறீங்களா?”

கீழே ஒரு பெண். ஒரு கையில் குடை, மறு கையில் பைல். பைல் அட்டையில் உதவித்தொகை அலுவலக முத்திரை இருந்தது.

“இந்த சோபா மேல போகுதா, கீழ போகுதா?”

“கீழதாங்க,” என்று டெய்லர் பளிச்சென்று உண்மையைச் சொன்னார். உண்மை பேச இதைவிடக் கெட்ட நேரம் வாய்க்காது.

அந்தப் பெண் சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை. “இந்த வாரத்துல இது ஏழாவது வீடு. நான் வர்றேன்னு தெரிஞ்சா போதும், சாமானுக்கெல்லாம் கால் முளைச்சிடுது.”

“இல்லைங்க, இது எங்களோடது இல்ல. இரவல்…” என்றாள் மூத்தவள்.

“மத்த ஆறு வீட்டுலயும் இதைத்தான் சொன்னாங்க.” பைலை மூடினாள். திரும்பி ஒரு படி இறங்கியும்விட்டாள்.

“நில்லுங்க!”

அம்மாவின் குரல். அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அப்பாவோடு சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகப் போடுகிறவள் அவள். அந்தக் குரலுக்கு மூன்று மாடிக் கதவுகளும் திறந்தன.

“நாங்க இல்லாதவங்கன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் இரவல் வாங்கி வெச்சேன். எனக்கு விவரம் பத்தலை. என் பொண்ணுதான் திருப்பிக் குடுக்கச் சொன்னா. அவ மேல தப்பில்ல.”

“குஷனுக்கு அடியில பாருங்கம்மா, என் கடை லேபிள் இருக்கும். நானே தைச்சது,” என்றார் டெய்லர்.

“பிரிட்ஜுக்குள்ள என் கண்ணு மருந்து இருக்கு!” என்று மேலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

அந்தப் பெண் குஷனைத் தூக்கிப் பார்த்தாள். லேபிள் இருந்தது. காலையிலிருந்து எத்தனை மாடி ஏறினாளோ, குஷனைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். பைலை மடியில் விரித்தாள்.

“சரி, சொல்லுங்க. சொந்த வீடு, நிலம்?”

“இல்ல.”

“வண்டி?”

“இல்ல.”

“வாஷிங் மெஷின்?”

“இல்லங்க.”

முதல் ‘இல்ல’ கிசுகிசுப்பாகத்தான் வந்தது. போகப் போக அம்மா நிமிர்ந்தாள், கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாள். எல்லாக் கதவிலும் ஆள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. சோபாவைப் பிடித்திருந்ததால் நின்றாள்.

“நகை?”

அம்மாவின் கை காதுக்குப் போனது. இரண்டு கம்மலையும் கழற்றி, மேலேயிருந்து இறங்கி வந்த நர்ஸ் கையில் வைத்தாள். “இதுவும் அக்காவோடதுதான்.”

“உன்னோடது எங்கம்மா? பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொன்னியே?”

“உன் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டினோம்ல,” என்றாள் அம்மா, மகள் முகத்தைப் பார்க்காமல்.

அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். சோபாவைத் தள்ளி இறக்கியபின் மேலே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. “உதவி தரலாம்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை பட்டியல் வரும்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அம்மா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

“ஏன்டி, அவங்க கேட்ட எல்லாத்துக்கும் இல்லன்னுதானே சொன்னேன்? நான் பாஸ்தானே?”

“பாஸ்மா,” என்றாள் மூத்தவள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.