கூலியாளுக்கு ஒரு மூட்டை

சேலத்துப் பொருட்காட்சியில் கம்ப்யூட்டர் கடை போடுவதென்று வெள்ளியங்கிரி முடிவு செய்தது எண்பத்தேழாம் ஆண்டு. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளை வடக்கே அனுப்பிச் சம்பாதித்தவர். சேலத்தில் ஒரு மாடியைப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் பயிற்சி நிலையம் ஆரம்பித்திருந்தார். பிள்ளைகள்தான் வந்து சேரவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வெறும் தரிசில் ஓர் ஊரைக் கட்டி எழுப்புகிற விளையாட்டு.

அங்கே பாடம் நடத்திய இரண்டு பேரிடம் வேலையைக் கொடுத்தார். வீடு, கடைவீதி, மில், சினிமாக் கொட்டகை கட்டுகிற பகுதியைத் தங்கமுத்து எழுதினான். வயலில் எவ்வளவு விளையும், அது எத்தனை பேருக்குச் சோறு போடும் என்கிற கணக்கு வசந்தாமணியிடம் வந்தது. அவள் கணிதத்தில் எம்.எஸ்சி. வெண்ணந்தூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்தவள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை, மழை பொய்த்தால் இத்தனை, விதைக்கு எடுத்து வைத்தது போக மிச்சம் இத்தனை என்று ஆசை ஆசையாக எழுதிக்கொண்டு போனாள். ஓர் ஆள் வருஷத்துக்கு எவ்வளவு தின்பான் என்ற இடம் வந்ததும் வெள்ளியங்கிரியைக் கேட்டாள்.

"ஊர்க்காரங்களுக்கு ரெண்டு மூட்டை போடுங்க அம்மணி. கூலியாளுக்கு ஒண்ணு போதும்."

தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மறுபடி கேட்டாள். அதேதான் சொன்னார். அவர்கள் காட்டிலேயே எதையாவது தின்றுகொள்வார்கள், இத்தனை வருஷமாகப் பார்க்கிறேனே என்றார். எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு என்று அள்ளிக் கொடுத்தால் ஊர் எப்போது வளர்வது, கொட்டகை எப்போது கட்டுவது, விளையாட உட்கார்ந்தவன் சலித்துப்போய் எழுந்துவிட மாட்டானா என்றும் கேட்டார்.

வசந்தாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. கடலை பிடுங்குகிற நாட்களில் அவள் அம்மா பாப்பாயி களி கிண்டிக் கொடுத்துவிட, அந்தப் பானையைக் காட்டுக்குச் சுமந்து போனவள் அவள். அத்தாயி என்று கூலிக்கு வருகிற ஓர் ஆள்காரி. காலையில் ரெண்டு உருண்டை களி தின்றாலும் உச்சிவெயிலில் அவள் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். வரப்பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வசந்தாமணிக்கு அரை உருண்டையே அதிகம். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பது பானை சுமந்த யாருக்கும் தெரியும். குனிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் கூட வேண்டியிருக்கும் என்று பணிவாகவே அவரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுச் சொன்னபடி எழுதச் சொன்னார்.

அவள் அப்படி எழுதவில்லை. எல்லாருக்கும் ரெண்டு மூட்டை என்று எழுதினாள். சோறில்லாமல் ஊரை விட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று திரையில் ஒரு வரி காட்டும்படி செய்தாள். போகிறவர்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆடுகிறவரின் புள்ளியும் குறையும். இந்தக் கணக்கில் ஊர் மெதுவாகத்தான் வளர்ந்தது. முதலில் கிணறு, பிறகு வயல், பல வருஷம் கழித்து மில். கொட்டகைக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். தங்கமுத்து ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு, கஷ்டமாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றான்.

பொருட்காட்சியின் முதல் நாள் சாயங்காலம் கடை முன்னால் நல்ல கூட்டம். செவ்வாய்ப்பேட்டை மளிகை வியாபாரி ஒருவர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். எட்டாவது வருஷத்திலேயே அவர் ஊரில் மூன்று கொட்டகை. அப்படி வரவே வராதே என்று வசந்தாமணி பின்னால் போய் நின்றாள். கூலியாட்களுக்கு ஒரு மூட்டைதான் போய்க்கொண்டிருந்தது. மழையில்லாத வருஷம் வந்ததும், போடட்டுமா என்று திரை கேட்க, வியாபாரி அதையும் நிறுத்தினார். அவள் கணக்குப்படி இருநூறு பேர் ஊரை விட்டுப் போயிருப்பார்கள். மில் இருந்ததால் அடுத்த வருஷமே புது ஆட்கள் வந்து நிரம்பினார்கள். அவள் எழுதிய வரியைத் திரையில் காணோம். புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

தங்கமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். முதலாளி மாற்றச் சொன்னார், போன வாரமே மாற்றிவிட்டேன் என்று அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். கடையின் முகப்பில், 'கணக்கு: செல்வி வசந்தாமணி எம்.எஸ்சி.' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் கண்டுபிடித்துவிட்டது வெள்ளியங்கிரிக்குத் தெரியாது. வியாபாரி ஜெயித்துவிட்டதாக மைக்கில் அறிவித்து, எப்படி ஜெயித்தார் என்று நம்ம டீச்சர் விளக்குவார் என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"இவரு எப்படி ஜெயிச்சாருன்னு சொல்றேனுங்க," என்றாள் வசந்தாமணி. "காட்டுல வேலை செஞ்சவங்களுக்கு அரை வயித்துக்குப் போட்டாரு. மழையில்லாத வருஷம் அதையும் போடலை. எரநூறு பேரு ஊரை உட்டுப் போயிட்டாங்க. அது இந்தத் திரையில தெரியாது. தெரியக் கூடாதுன்னு எடுத்துட்டாங்க. நான் எழுதின கணக்கு இது இல்லைங்க."

யாரோ சிரித்தார்கள். மிஷின் கேட்டதற்குப் பொத்தானை அமுக்கினேன், என்மேல் என்ன தப்பு என்று வியாபாரி முறைத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் நகர்ந்து வந்து திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அது எந்த ஊருங்க?" என்று கேட்டாள். வசந்தாமணி அவள் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் வெள்ளியங்கிரி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அவளைக் கடைக்குப் பின்புறம் கூட்டிப்போனார். அவர் சத்தம் போடவில்லை.

"வெளையாட்டுத்தானே அம்மணி. நெசமா யாரு பட்டினி கெடந்தா?"

"வெளையாட்டுத்தானுங்களே. அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே வயிறுன்னு எழுதறதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் அவர் சொன்னார். அவள் முகப்புக்கு வந்து, தன் பேர் எழுதிய துணியை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதன்பிறகு ராசிபுரத்தில் ஒரு டுட்டோரியலில் அவளுக்கு வேலை கிடைத்தது. சில மாதம் கழித்துத் தங்கமுத்து அங்கே தேடிக்கொண்டு வந்தான். பொருட்காட்சிக்குப் பிறகு நிலையத்தில் உட்கார இடமில்லையாம். பள்ளிக்கூடங்களே அந்த விளையாட்டைக் கேட்கிறார்களாம். பஞ்சம் வருகிற வருஷத்துக் கணக்கில் மட்டும் ஏதோ சிக்கல், அக்கா வந்து சரிசெய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினாராம். அன்றைக்கு மைக்கில் பேசியதும் வீண் போகவில்லை, 'கூலியாட்கள்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள், இப்போது 'பிற மக்கள்' என்றுதான் வருகிறது என்றான். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்து வந்தவன்போல இருந்தான்.

அளவு எவ்வளவு என்று கேட்டாள்.

"அளவு அதேதானுங்க அக்கா."

"அந்த ஒண்ணை ரெண்டாக்க உனக்கு எவ்வளவு நேரமாவும் தங்கமுத்து?"

"ஒரு நிமிசமாவுங்க."

"அந்த ஒரு நிமிசம் உங்கிட்ட இல்லாமப் போச்சு. நானா வந்து மிச்சத்தைச் சரிபண்ணிக் குடுக்கோணும்?"

அவள் போகச் சொன்னாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்புவது வரை பார்த்திருந்துவிட்டு வகுப்புக்குள் போனாள். அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்து விழுந்தது. அன்று முழுக்க எந்தப் பிள்ளையும் எழுந்து சந்தேகம் கேட்கத் துணியவில்லை.