சிவப்புக் கோடு ஓடிய கற்கள்

சவரக்கத்தி தீட்டும் கல்லில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மார்தட்டித் திரிந்தவள் நான். சால்ம் ஆற்றங்கரைப் பட்டறையில் பதினான்கு வருஷம் கல் தரம் பிரித்திருக்கிறேன். சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் நீலத்தின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் படலம் சுத்தமாக இருந்தால் அது நாவிதருக்கு. மஞ்சளில் சிவப்பாக இரும்புக் கோடு ஓடினால் கத்தி விளிம்பைக் கடித்துவிடும். அது மூலையில் இருக்கும் கழிவுப் பெட்டிக்கு.

என் புருஷன் செராஃபான் அந்தச் சுரங்கத்தில்தான் கல் வெட்டினான். கீழே ஆண்கள் தாங்கள் வெட்டிய கல்லில் எச்சில் துப்பி, விரலால் இழுத்துத் தேய்த்து, விளக்கருகே பிடித்துப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால்தான் அந்த இருட்டில் மஞ்சள் தெரியும். அதனால் எங்கள் ஊரில் ஒருவன் துப்பினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. கல்தூசி நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவன் அப்பாவிடமே பார்த்திருந்தோம். என் தம்பி மர ஆலையில் அவனுக்கு வேலை பேசி வைத்திருந்தான். மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்க இவனுக்கு மனசில்லை. சளியில் ரத்தம் கண்டால் அன்றைக்கே சுரங்கத்தை விட்டுவிட வேண்டும் என்று சத்தியம் மட்டும் வாங்கினேன். தினமும் அவன் கைக்குட்டையைப் பிரித்துப் பார்ப்பேன். வெள்ளையாகவே இருந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன், மடச்சி.

உறைபனி நாட்களில் பட்டறையில் கல்லை நனைக்க மாட்டோம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்து உறைந்தால் கல் இரண்டாகப் பிளந்துவிடும். வந்ததை அப்படியே உலர்வாகப் பார்த்துப் பிரிப்போம். அந்தக் குளிரில்தான், செராஃபான் தன் அடையாளமாக ஆணியால் சிலுவை கீறி அனுப்பும் கற்களில் துருநிறக் கோடு வரத் தொடங்கியது. ஒன்றுவிடாமல் கழிவுப் பெட்டியில் போட்டேன். புருஷன் கல்லுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

ஒருநாள் பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்யா செராஃபான், கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? ஊருல இருக்குற துரு பூரா ஒன் கல்லுலதான் இருக்கு."

என்னோடு வேலை செய்யும் ஃபிலோமேன் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் வெட்டுற பக்கம் படலம் அப்படித்தான் ஓடுது ஒக்தாவி. என்ன பண்ணச் சொல்ற?"

தள்ளிய கல் கூலிக் கணக்கில் வராது. அதை ஈடுகட்ட அவன் ஞாயிற்றுக்கிழமையும் இறங்க ஆரம்பித்தான். பூசைக்குக்கூட வராமல் என்ன சுரங்கம் என்று அதற்கும் திட்டினேன்.

மார்ச்சில் பனி உருகியது. அரிவாள் தீட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கழிவுப் பெட்டியை நானும் ஃபிலோமேனும் வெளியே இழுத்துப் போட்டோம். முதலில் கையில் வந்தது சிலுவை கீறிய கல். அதன்மேல் தண்ணீர் ஊற்றினேன். கோடு கரைந்து சிவப்பாக என் பெருவிரலில் ஒட்டியது.

இரும்புக் கோடு கல்லுக்குள் ஓடுவது. அது தண்ணீரில் கரையாது. பதினான்கு வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது.

அடுத்த கல்லை எடுத்தேன். அதுவும் கரைந்தது. ஒன்றிலாவது நிஜமான கோடு இருக்கட்டும், மாதாவே, ஒரே ஒன்று போதும் என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன். இருபத்து மூன்று கல். இருபத்து மூன்றும் பளிச்சென்ற மஞ்சள்.

ஃபிலோமேனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அடியே, அத்தனையும் நாவிதர் கல்லுடி. பாவம், ஒன் புருஷன் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

வெள்ளையாகவே இருந்த அந்தக் கைக்குட்டைகளை நினைத்துக்கொண்டு நான் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தேன். அவன் அப்போதும் கீழேதான் இருந்தான், நான் தள்ளிய கற்களுக்கு ஈடாக வேறு கல் வெட்டிக்கொண்டு.