இறங்கும்போது ஐந்து அளவுகள்

காற்றைத் திறந்துவிட்ட சத்தம் ‘புஸ்’ஸென்று சோதனைக்கூடத்தை நிரப்பியதும், வாசல் மணி அலறியதும் ஒரே நேரத்தில். அவள் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மேஜைமேல் விழுந்தது.

“அக்கா, பழக்கமான சத்தத்துக்கே இப்படிப் பயந்தா எப்படி?” என்று சிரித்தான் பக்கத்து மேஜைக்காரன். எதற்கெடுத்தாலும் ‘ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பிப்பவன்; அதனால் அவனுக்குப் பெயரே சந்தேகம்தான். சென்சார்களைச் சோதித்துக் கொடுக்கும் சர்டிபிகேட்டில் இரண்டாவது கையெழுத்து மட்டும் சந்தேகமே இல்லாமல் போட்டுவிடுவான்.

வந்தவர் பெரிய நீராவிப் பாத்திரங்கள் ஓடும் தொழிற்சாலையின் இன்ஜினியர். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கைக்குட்டையில் சுற்றியிருந்த பிரஷர் சென்சாரை எடுத்து வைத்தார்.

“நேத்து எங்க ஆள் ஒருத்தர் பாத்திரத்தோட மூடியத் திறந்திருக்கார். மீட்டர்ல ஜீரோ. உள்ள நீராவி இருந்திருக்கு. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. இதே மாதிரி இன்னும் பதினொரு பாத்திரம் இருக்கு, எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கேன். பன்னெண்டு சென்சாரும் ஒரே நாள்ல நீங்க பாத்துக் கொடுத்தது.”

“சந்தேகமே வேணாம் சார். உங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டுறோம்” என்றார் மேனேஜர். “ஏம்மா, மாட்டு.”

அவள் சென்சாரைச் சோதனைக் குழாயில் மாட்டினாள். விரல்கள் வேலையை அறிந்திருந்தன.

நான்கு மாதத்துக்கு முந்தைய அந்த மதியம் அவளுக்கு மறக்கவில்லை. அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி ஆறு இடத்தில் அளவு எடுக்க வேண்டும். பிறகு அதே படிகளில் இறக்கி ஐந்து இடத்தில். ஏறும்போது ஒழுங்காக இருக்கும் சென்சார் இறங்கும்போது பொய் சொல்லலாம். பன்னிரண்டு சென்சாரையும் ஒன்றாக மாட்டி ஏற்றம் முடிந்த நேரத்தில் பள்ளியிலிருந்து போன். மகளுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. அவள் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டு ஓடினாள். மறுநாள் காலை அவள் வருவதற்குள் சென்சார்கள் பெட்டிக்குள் போய், வண்டி வாசலில் நின்றது. ஏற்றத்தில் வந்த எண்களின் கடைசி இலக்கத்தில் ஒன்றையும் இரண்டையும் கூட்டி இறக்கத்தை நிரப்பினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பார்ப்பவருக்கு உறுத்தும் என்று ஓரிடத்தில் மூன்றைக்கூடக் கூட்டினாள். பத்து வருடம் உண்மையான எண்களைப் பார்த்த கைக்குப் பொய் எண் எழுதவா தெரியாது?

“ஏத்தம் சரியா இருக்கு” என்றான் சந்தேகம், அழுத்தம் பத்து பாரைத் தொட்டதும்.

“இறக்கம்தான் எனக்கு வேணும்” என்றார் இன்ஜினியர்.

எட்டு. ஒவ்வொரு படியிலும் எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆறு. இன்ஜினியர் அன்று கொடுத்த சர்டிபிகேட்டில் விரலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டார். நான்கு. இரண்டு. அடுத்தது பூஜ்யம். வெந்துபோன கையும் அதன் எதிரில் இருந்த மீட்டரும் கண்முன் வந்தன. முகம் தெரியாத ஒருவரின் கை. வால்வை முழுதாகத் திறந்தாள். எண் இறங்கி, தயங்கி, நின்றது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று. அவள் எழுதியிருந்ததில் கடைசி இலக்கம் மட்டும் நான்கு.

சென்சார் நல்ல சென்சார்.

மேனேஜர் இப்போதுதான் மூச்சு விட்டார். “நான் சொன்னேன்ல சார்? எங்க பொண்ணு கை வச்சா தப்பாது.”

“அப்ப பாத்திரத்துலேர்ந்து சென்சாருக்கு வர்ற குழாய்தான் அடைச்சிருக்கணும்” என்று இன்ஜினியர் நெற்றியைத் தடவினார். “மன்னிச்சுக்குங்க மேடம். ராத்திரி பூரா உங்களத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.”

“பரவால்ல சார்” என்றாள்.

“அக்கா, இன்னிக்கு டீ உங்க செலவு” என்று காதோரம் கிசுகிசுத்தான் சந்தேகம். அவள் தப்பித்துவிட்டாள். யாரும் எதையும் கேட்கவில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை. ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். மறுபடி துடைத்தாள்.

இன்ஜினியர் போனை எடுத்து அழுத்தினார். மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல் இங்கேவரை கேட்டது. “ஆமா, நான்தான். சென்சார்ல தப்பில்ல. குழாய மட்டும் சுத்தம் பண்ணுங்க. மத்த பதினொண்ணையும் மதிய ஷிப்ட்டுக்கு ஓட்டிடலாம்…”

அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

“சார், போன வச்சிடாதீங்க. அந்தப் பதினொண்ணுக்கும் இறக்கத்துல இருக்கிற எண்ணு எல்லாம் நானா உக்காந்து எழுதினது.”