ஞாயிற்றுக்கிழமைக் கடல்

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி வாசலில், வேலை விடுகிற நேரம் பார்த்து ஷைலா டீச்சர் வந்து நின்றார். கையில் ஒரு பழைய காலண்டர். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் இங்கே வேலை பார்க்கிற அம்மாக்களால் வர முடியாது என்று அவருக்குத் தெரியும். காலையில் வாட்ச்மேனிடம் ஒப்படைத்த போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களை மறித்து, காலண்டரை விரித்துப் பிடித்தார். கன்னியாகுமரிக் கடல்.

"வர்ற வெள்ளிக்கிழமை எட்டாங்கிளாஸ் பிள்ளைகள டூர் கூட்டிட்டுப் போறோம். பத்திரமா கொண்டாந்து விடுறது என் பொறுப்பு. அனுப்பி வைங்க."

"இந்தக் கடல நம்ம சிவகாசியிலதான அடிச்சிருக்காக, டீச்சர்?" என்றாள் வீரலட்சுமி. "அச்சடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புறோம். நேர்ல பாத்தவுகதான் ஒருத்தரும் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் பானுப்பிரியாவை அனுப்புவதாக வீரலட்சுமி அங்கேயே தலையாட்டிவிட்டாள். வெயிலில் வேர்த்து வடிய நின்று, ஒவ்வொருத்தியிடமும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கிற மனுஷியிடம் எப்படி முடியாது என்பது?

ஆனால் பானு பெயர் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல டீச்சர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தபோது வீரலட்சுமிக்கு மானம் போனது.

"ஏண்டி, நான்தான் சரின்னுட்டேன்ல? உனக்கென்ன கிராக்கி?"

பானு தரையைப் பார்த்தாள். டீச்சர் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வெள்ளிக்கிழமை உனக்கு இங்கன என்னம்மா வேலை?" என்று மட்டும் கேட்டார்.

"சத்தம் கேட்டா நான் ஓடணும்ல டீச்சர்? அப்பா லோடு லாரியில வடக்க போயிருக்கு. அம்மா போன் கேட்டுல கெடக்கும். அம்புட்டு தூரம் போயிட்டா எனக்குச் சத்தம் கேக்காது."

வீரலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருஷம் எங்கோ ஒரு ஷெட் வெடித்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து செருப்பில்லாமல் கம்பெனி வாசலுக்கு ஓடி வந்தவள் இவள். 'எனக்கு ஒண்ணுமில்லடி, கோட்டிக்காரி' என்று எல்லார் முன்னாலும் கேலி செய்து அனுப்பினாளே! அன்றிலிருந்து தினமும் இந்தப் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. பெற்றவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

டீச்சர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. "ஞாயித்துக்கிழமை போனா வருவியா?" என்றார்.

பானு நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு. அம்மா வீட்டுல இருக்கும்."

"அப்ப ஞாயித்துக்கிழமையே போவோம்."

வீரலட்சுமி பதறினாள். "டீச்சர், அன்னைக்கு உங்க கோயில்ல அசனப் பண்டிகையாச்சே, ஊருக்கே சோறு போடுற நாளாச்சே! நீங்க இல்லாம யாரு பாடுவா?" திருத்தங்கல் சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்துவதே ஷைலாதான். காய்ச்சலில்கூட ஞாயிறு ஆராதனையை விட்டதில்லை என்று ஊரே சொல்லும்.

"அசனம் வருஷா வருஷம் வருது. இவ எட்டாங்கிளாஸ் ஒருக்காதான படிப்பா?"

தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி, பஸ்காரரிடம் கெஞ்சி, நாளை மாற்றியும் விட்டார். சேதி பரவியதும், அதுவரை வாயைத் திறக்காத இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் பெயர் கொடுத்தார்களாம். அதைக் கேட்டு வீரலட்சுமிக்கு அழுகை வந்தது. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தாள். டீச்சர் நம்பர். திரையில் பானுவின் முகம், பின்னால் காலண்டரில் பார்த்த அதே கடல். பாறையில் ஓர் அலை வந்து மோதி டமார் என்றது. வீரலட்சுமி துணியைப் போட்டுவிட்டுத் திடுக்கிட்டு எழுந்து நின்றாள்.

"பயந்துட்டியாம்மா?" பானு சிரித்தாள். "காலையில இருந்து இப்படித்தாம்மா அடிக்குது. இம்புட்டுச் சத்தத்துக்கும் இங்கன ஒருத்தரும் ஓடல."