செத்த நேரம் எவ்வளவு நேரம்?

பட்டறைக்கு வருகிறவர்கள் ஒன்று எதையாவது விற்க வருவார்கள், இல்லை விலையைக் குறைக்க வருவார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த மோகனப்பிரியா இரண்டும் செய்யவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். அதுதான் திருமூர்த்திக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

காங்கேயத்தில் கொப்பரை வெட்டும் இயந்திரம் செய்து விற்பவர் திருமூர்த்தி. பெல்ட் நழுவினாலும் வாங்கியவர் இவர் போனுக்குத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுப் பழகியவர் அடுத்த கடைக்குப் போகமாட்டார் என்பது அவர் தொழில் சூட்சுமம். இப்போது மொசாம்பிக்கில் ஒரு தென்னந்தோப்புக் கம்பெனி பன்னிரண்டு இயந்திரம் கேட்டிருந்தது. விளக்கப் புத்தகம் இல்லையென்றால் ஆர்டரும் இல்லை. அதை எழுத வந்தவள்தான் இவள். இயந்திரங்களுக்குப் புத்தகம் எழுதுவதே உத்தியோகமாம். நட்டு போல்ட்டைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்கும் ஆளை அவர் அன்றுதான் பார்த்தார்.

என்ன இரும்பு, பிளேடுக்கு எவ்வளவு இடைவெளி என்று குடைந்தாள். பழைய கூட்டாளி சுரேந்தர் இதே இயந்திரத்தைக் காப்பியடிக்கத் தவித்துக்கொண்டிருந்தான். அவன் அனுப்பிய ஆளோ?

மோட்டாரை நிறுத்திய பிறகு மூடியை எப்போது திறக்கலாம் என்று கேட்டாள்.

"செத்த நேரம் கழிச்சுத் தொறக்கலாமுங்க."

"செத்த நேரம்னா எவ்வளவு நேரமுங்கண்ணா?"

காங்கேயத்தில் யாரும் கேட்டிராத கேள்வி. மோட்டார் சத்தம் அடங்கினாலும் உள்ளே கனத்த சக்கரமும் பிளேடும் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே எல்லோருக்கும் அது பழக்கம். இயந்திரம் ஓட்டும் மாரியாத்தாள் ஒரு வெற்றிலை போடும் நேரம் என்றாள். பிட்டரைக் கேட்டால் டீ வரும்வரை என்றார்.

திருமூர்த்தி அப்போதுதான் கண்ணி வைத்தார். முப்பது விநாடி என்று கூசாமல் சொன்னார். சுரேந்தர் பட்டறையில் 'முப்பது' காதில் விழுந்தால் திருடி அகப்பட்டாள். அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொண்டால் போயிற்று.

ஒன்பதாம் நாள் அவள் கொண்டுவந்த பிரதியில் இருந்தது: 'இரண்டரை நிமிடம் காத்திருக்கவும்.'

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த உள்ளாள் யார்? மாரியாத்தாளைக் கூப்பிட்டு விசாரித்தார். தான் வெற்றிலைக்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்று அவள் முறைத்தாள். மோகனப்பிரியாவிடமே கேட்டார்.

"இது ஆரு சொன்னதுங்க அம்மணி?"

"ஆரும் சொல்லலீங்கண்ணா. போன்ல நேரம் வெச்சு ஏழு தடவ ஓட்டிப் பார்த்தேன். மாரியாத்தாக்காதான் சுவிட்ச் போட்டாங்க."

"நான்தான் முப்பதுன்னு சொன்னனுங்களே?"

"நம்பலீங்க."

சிரிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு ஊரிலும் முதலாளிகள் ஒன்று சொல்வார்கள், ஓட்டுகிறவர்கள் இன்னொன்று சொல்வார்கள். எவரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்றாள்.

"அந்தூர்ல ஒருத்தி முப்பத்தொண்ணாவது விநாடி மூடியத் தொறந்து கைய உட்டா, அப்பறம் உங்களுக்குப் போன் பண்ணக் கை இருக்காதுங்கண்ணா."

திருமூர்த்தி எழுந்துபோய் இயந்திரத்தை ஓட்டி நிறுத்தி, வாட்ச்சைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடத்தில் சத்தமெல்லாம் அடங்கி, மூடியைத் தொட்டால் ஆடாமல் இருந்தது. மூடி இடுக்கில் ஒரு தேங்காய் நாரை விட்டார். நறுக்கென்று துண்டாகியது. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு விட்ட நாரும் அறுந்தது.

அவர் மண்டைக்குள் வியாபாரக் கணக்கு ஓடியது. சுரேந்தர் ஆளாக இருந்தால் முப்பதை வாங்கிக்கொண்டு அன்றே காந்திபுரம் பஸ் ஏறியிருப்பாள். ஏழு தடவை ஓட்டிப் பார்க்கிறவள் எவனுக்கும் ஒற்று வேலை செய்ய லாயக்கில்லை. தான் வைத்த கண்ணியில் யார் கை மாட்டியிருக்கும் என்று நினைத்தபடி அறுந்த நாரை எடுத்துப் பார்த்தார்.

பிரதியின் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். பேனாவை எடுத்தவர் நிறுத்தினார்.

"ரெண்டரை வேண்டாமுங்க. மூணுன்னே போட்டுருங்க."

பிறந்ததிலிருந்து எதையும் குறைத்தே பேசிய மனிதர், கேட்டதற்கு மேல் கொடுத்தது அன்றுதான்.

மோகனப்பிரியா எழுதவில்லை. போனை எடுத்து மாரியாத்தாளைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொருக்கா ஓட்டுங்க. அண்ணா சொல்றாருன்னு போட முடியாது."