பூட்ஸ் இல்லாமல் ஒரு டெஸ்ட் ரைடு

ரூபினிக்கு அந்த வண்டியைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்ட பலரும் அவளுக்கு வண்டிமேல் ஏதோ கடுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். கடுப்பெல்லாம் ஒன்றுமில்லை. கர்னல் 500 என்ற அந்த பைக் லாரியிலிருந்து இறங்கிய அன்றே அவள் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். உருண்டை விளக்கு, டாங்கின் இரண்டு பக்கமும் தங்கக் கோடு, அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டியின் முகம், உள்ளே புத்தம்புது எஞ்சின். மூன்றாவது கியரில் போட்டு விட்டால் பேசிக்கொண்டே போகலாம். கொஞ்சம் திருகினால் போதும், பேச்சை நிறுத்திவிட்டுப் பாயும்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருந்த ஷோரூமில் டெஸ்ட் ரைடுக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் அவள் வேலை. வாங்க நினைப்பவர் ஒரு வண்டியில், அவருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு இன்னொரு வண்டியில் இவள். இந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதல் ஒன்றரை வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காபியும் சிரிப்பும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதிலேயே மர்பி டவுன் சந்துகளில் அப்பாவின் வண்டியை ஓட்டியவளுக்கு அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. டெஸ்ட் ரைடு வேலை வேண்டும் என்று கேட்டபோது மேனேஜர் சேஷகிரி சிரித்தார். இருநூறு கிலோ வண்டியை சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்த முடியுமா என்றார். எல்லார் முன்னாலும் மூன்று முறை நிறுத்தினாள். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள்.

டெஸ்ட் ரைடுக்கு என்று ஷோரூமில் ஒரே ஒரு வழிதான். வெளியே வந்து இடதுபக்கம் திரும்பி, ஏரியை ஒட்டி ஒரு சுற்று, திரும்ப ஷோரூம். ஆறு நிமிடம். நடுவில் காத்திருக்கிற மாதிரி ஒரு சிக்னல் கிடையாது. கிளம்பும் முன், முழங்கால் வரை வரும் கனமான தோல் பூட்ஸைக் கம்பெனியே கொடுக்கும். எல்லாம் பாதுகாப்புக்கு என்று ரூபினி நம்பினாள், வருகிறவர்களிடமும் அப்படியே சொன்னாள்.

டெஸ்ட் ரைடு வேலைக்கு வந்து இரண்டு வாரம் ஆன ஒரு சாயங்காலம்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. டெமோ வண்டிக்குப் பெட்ரோல் போட ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம் போனாள். காலில் சாதாரண பேண்ட், கேன்வாஸ் ஷூ. சிக்னலில் தொண்ணூறு விநாடி. முப்பதாவது விநாடியில் வலது கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. அறுபதில் காலை அகட்டிக்கொண்டாள். பச்சை விழுவதற்குள், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரருக்கே கேட்கும்படி திட்டிவிட்டாள். நம்ப முடியாமல் அடுத்த நாளும் போனாள். நான்காம் நாள், காலை அகட்ட மறந்ததில் கெண்டைக்காலில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வெந்துவிட்டது.

சேஷகிரியிடம் சொன்னாள். "சார், சைலன்சர் பைப் மேல ஒரு சின்ன தகடு வெச்சா போதும் சார். கம்பெனிக்கு எழுதுங்க."

"தகடு வெச்சா ரெட்ரோ லுக் போய்டும்மா. எல்லா பெரிய வண்டியும் ஸ்வல்ப சூடு அடிக்கும். அட்ஜஸ்ட் மாடிக்கோ," என்றார் அவர், கன்னடம் கலந்து.

"ஏரியைச் சுத்தினா இது தெரியாது சார். அந்த பூட்ஸ் போட்டா சுத்தமா தெரியாது."

"அதனாலதானே அந்த ரூட்டு, அந்த பூட்ஸு!" என்றார் சேஷகிரி. ஒளிவுமறைவே இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னார்.

அன்றிலிருந்து ரூபினிக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது மிகை. சோறு நன்றாகவே இறங்கியது. ஆனால் ஒவ்வொரு முறை பூட்ஸை எடுத்து நீட்டும்போதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கம்பெனி ஒரு விழா வைத்தது. வண்டி வாங்கும் யோசனையில் இருந்த பன்னிரண்டு பேரை அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஓட்டிவிட்டு வந்து, தன் மனதில் பட்டதை அட்டையில் எழுதிச் சுவரில் குத்த வேண்டும். அப்புறம் கேமரா முன்னால் நின்று பேச வேண்டும். கேமராவுடன் நீல் என்ற பையன் வந்திருந்தான். கடைசியாக ரூபினியும் கம்பெனி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, 'பெண்களுக்கும் இது பூப்போல' என்று சொல்ல வேண்டும். எழுதியே கொடுத்திருந்தார்கள்.

முதலில் ஓட்டிவிட்டு வந்தவர் காக்ஸ் டவுன் லாயிட். ரிட்டயர்டு ஆசிரியர், அறுபத்தாறு வயது. வாயெல்லாம் பல்லாக இறங்கி, கேமராவைப் பார்த்ததும் தலையை வாரிக்கொண்டார். "இந்த சத்தம் இருக்கே, மேன், இது எங்க காலத்து சத்தம். சண்டே சர்ச்சுக்குப் போறப்ப தெருவே திரும்பிப் பார்க்கும். சூடா? வாட் சூடு? ஐஸ்க்ரீம் மாதிரி இருக்கு!" சேஷகிரி கைதட்டினார். அடுத்தடுத்து வந்த நாலு பேரும் அதே பாட்டு. ஒருவர் குதிரை என்றார். ஒருவர் வண்டிக்கு ஆத்மா இருக்கிறது என்று எழுதினார். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினதில் ஆத்மா வரைக்கும் தெரிந்துவிட்டதே என்று ரூபினி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆறாவது ஆள் வித்யாலட்சுமி. நாமக்கல்லிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கிற பெண். பூட்ஸை மாட்டிக்கொண்டே தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அக்கா, நான் தெனமும் ஒயிட்ஃபீல்டு போய்ட்டு வரணுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ட்ராஃபிக்ல நிப்பேன். அதுல வண்டி எப்படிங்க? மூணு வருசமா இந்த மாதிரி வண்டிக்குத்தான் சேத்து வெச்சிருக்கேன்."

பதில் ரூபினியின் நாக்கில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பதில். ஆனால் வித்யாலட்சுமி ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் சாக்ஸுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபினி ஒருமுறை சேஷகிரி நின்ற பக்கம் பார்த்தாள். அப்புறம் குனிந்து அந்தப் பூட்ஸின் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"கழட்டு. ஆஃபீஸுக்கு எந்த ஷூல போவியோ அதையே போடு. ஹெல்மெட்டும் கிளவுஸும் இருக்கட்டும். என் பின்னாலயே வா."

வெளியே வந்தார்கள். இடதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ரூபினி வலதுபக்கம் இண்டிகேட்டர் போட்டாள்.

முதலில் காலியான ஒரு நீளத் தெருவில் மூன்றாம் கியரில் விட்டாள். நல்லதும் தெரிய வேண்டுமல்லவா. கண்ணாடியில் பார்த்தபோது வித்யாலட்சுமி ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓல்டு மெட்ராஸ் ரோடு. பதினொரு மணி நெரிசலில் பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே இரண்டு கர்னலும் அடைபட்டன. சிக்னலில் தொண்ணூறு என்று விழுந்தது. ஐம்பதில் வித்யாலட்சுமியின் வலது கால் விலகியது. முப்பதில் அவள் முகம் மாறியது. "அக்கா, சுடுதுங்க!"

"சுடும்," என்றாள் ரூபினி. "தெனமும் சுடும். வீட்டுல தகடு அடிச்சு மாட்டிக்கலாம், கம்பெனி மாட்டித் தராது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கறதுன்னா வாங்கு. தெரியாம வாங்காத."

திரும்பி வந்ததும் வித்யாலட்சுமி நேராகக் கேமரா முன்னால் போய் நின்றாள். "வண்டி ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா சிக்னல்ல நின்னா கால் வேகுதுங்க. யாரும் சொல்லல, இந்த அக்கா மட்டுந்தான் சொன்னாங்க."

சேஷகிரியின் முகத்தில் ஈயாடவில்லை. நீலைப் பார்த்து அதை வெட்டிவிடச் சொன்னார். பிறகு ரூபினியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் கேளுங்க. எங்க லேடி ரைடர் ஒரு மாசமா ஓட்டறாங்க. ரூபினி, வாம்மா, நீயே சொல்லு. சூடு இருக்கா?" குரலைத் தாழ்த்தி, "எழுதிக் கொடுத்ததைச் சொல்லு. இல்லேன்னா பழைய இடம் ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

பழைய இடம் எது என்று அவளுக்குத் தெரியாதா? ரிசப்ஷன் நாற்காலி. காபி, சிரிப்பு, வண்டியை ஒன்றரை வருடம் தூரத்திலிருந்து மட்டும் பார்த்த அந்த நாற்காலி. அவளுக்குப் பயம்தான். பயமில்லை என்று பொய் சொல்வானேன். ஆனால் பயத்தோடு பயமாக ஒரு வீம்பும் ஏறியது. அது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கேமரா முன்னால் போனாள். வலது பேண்டை முழங்கால் வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் பழுப்பாக ஒரு விரல் நீளத் தழும்பு.

"இதான் என் இம்ப்ரெஷன்," என்றாள். "வண்டி எனக்கு உயிரு. மூணாவது கியர்ல இதுக்கு ஈடே இல்ல. ஆனா பூப்போலன்னு நான் சொல்லமாட்டேன். நீங்கெல்லாம் ஓட்டினது ஏரி ரோடு. சிக்னலே இல்லாத ரோடு. நீங்க போட்டிருந்த பூட்ஸு உங்களுக்காகப் போட்டது இல்ல, சூடு தெரியக்கூடாதுன்னு போட்டது. ஒரு மாசமா நானும் அதை எடுத்து எடுத்துக் குடுத்தேன். அது என் தப்பு."

"சாவியைக் கொடு!" சேஷகிரி கத்தியே விட்டார். "நாளையிலேர்ந்து ரிசப்ஷன்!"

ரூபினி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்துதானே சார்? இன்னிக்கு டெஸ்ட் ரைடு என்னோடது. இன்னும் ஆறு பேர் பாக்கி." அவள் திரும்பி, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "யாரு வர்றீங்க? அவங்கவங்க சொந்த ஷூவைப் போட்டுக்கங்க. சிக்னல் வழியா போறோம்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்தவர் வரிசையில் இருந்தவரே அல்ல, லாயிட். சுவர்வரை நடந்துபோய்த் தன் அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் செருகினார். முகம் சிவந்திருந்தது.

"ஐஸ்க்ரீம்னு சொல்ல வெச்சிட்டியே, மேன்," என்றார் சேஷகிரியிடம். "அதுவும் கேமரால! என் ஸ்டூடன்ட்ஸ் பார்ப்பாங்க. ரூபினி, நான் மறுபடி ஓட்டணும்." அவர் தன் பழைய ஷூவைக் காலில் நுழைத்துக்கொண்டிருக்கும்போதே மற்ற ஆறு பேரும் பூட்ஸைத் தேடாமல் எழுந்து நின்றார்கள். நீல் கேமராவை அணைக்கவில்லை. சேஷகிரி அணைக்கச் சொன்னது அவன் காதில் விழவே இல்லையாம். அப்புறம் அப்படித்தான் சொன்னான்.

சிக்னலில் லாயிட் நாற்பது விநாடிதான் தாங்கினார். வீட்டில் பேசாத வார்த்தைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் வரிசையாகச் சொன்னார். பச்சை விழுந்து வண்டி கிளம்பியதும், காற்று காலில் பட்டதும், சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஆனாலும் சத்தம் எங்க காலத்து சத்தந்தான்!" என்று கத்தினார். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் புது அட்டைகள் தொங்கின. குதிரை அப்படியே இருந்தது. அதன் கீழே, வேறொரு கையெழுத்தில் 'சூடு பிடித்த குதிரை, தகடு வேண்டும்' என்று சேர்ந்திருந்தது. மூன்று பேர் வாங்கப்போவதில்லை என்று எழுதினார்கள். வித்யாலட்சுமி வாங்குவதாக எழுதினாள், தகடு போட்டுத் தந்தால் மட்டும்.

எல்லாரும் போன பிறகு ரூபினி சாவியைக் கொண்டுபோய் சேஷகிரியின் மேஜையில் வைத்தாள். அவர் நிமிரவில்லை.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ரிசப்ஷன்ல இருக்கணும்," என்றார்.

"சரி சார்."

அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் கதவுவரை போய்த் திரும்பி நின்றாள்.

"சார், டெஸ்ட் ரைடுல இருந்தா ஒரு நாளைக்குப் பத்து பேரைத்தான் பார்ப்பேன். ரிசப்ஷன்னா கதவைத் திறந்து உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் மொதல்ல எங்கிட்டதான் வரணும்."

சேஷகிரி அப்போதுதான் நிமிர்ந்தார். தழும்பு தெரியச் சுருட்டிய பேண்டின் வலது காலை ரூபினி இன்னும் இறக்கிவிடவில்லை. அப்படியே வெளியே நடந்து போனாள்.