காரணம் எழுதும் கட்டம்

டிசம்பர் பதினைந்தாம் தேதிக்கு முன்னால் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியும் "உனக்கு இடம் உண்டு" என்று வாய் திறக்கக் கூடாது. அது அங்கே விதி. அதனால் அன்று காலை எட்டு மணியிலிருந்து நாடு முழுக்க விண்ணப்பம் போட்ட பிள்ளைகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்லா நேப்பியருக்கு உட்காரக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. கென்டக்கி மலையடிவாரத்தில் டாக்டர் கெண்ட்ராவின் பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். பத்து மணிக்கு ஹோபர்ட் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் வாயில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போன் சட்டைப்பையில் இருந்தது. வேலை நேரத்தில் போன் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

"இன்னும் வரலையா?" என்றாள் கெண்ட்ரா, ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே.

"வந்தா குதிக்க மாட்டேனாடி? நீ பல்லைப் பாரு."

இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. உயிரியல் வீட்டுப்பாடத்தை மார்லாவைப் பார்த்து எழுதியவள் கெண்ட்ரா. இன்று அவள் டாக்டர், இவள் குழாய் பிடிக்கிறாள். இதில் கெண்ட்ராவின் தப்பு எதுவும் இல்லை, அதுதான் மார்லாவுக்கு இன்னும் எரிச்சல். கெண்ட்ராவின் கை பல்லைப் பற்றும்போதெல்லாம் மார்லாவின் விரல்கள் கையுறைக்குள் தானாக மடங்கும். ஆறு வருஷமாக இப்படித்தான்.

மார்லா டாக்டர் ஆகாததற்குக் காரணம், பட்டப்படிப்பில் வாங்கிய சராசரி. நாலுக்கு இரண்டு புள்ளி ஏழு. முதல் இரண்டு வருஷமும் வரிசையாக டி, டி, சி, டி. பாஸாகாமல் பாஸான மார்க். அப்புறம் கரிம வேதியியலைத் திரும்பப் படித்து ஏ வாங்கினாள். பழைய டி அழிந்துவிடும் என்று நம்பி அம்மாவுக்குக் கேக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தாள். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர்கள் எதையும் அழிப்பதில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்தே சராசரி போடுகிறார்கள். கேக் தின்றதுதான் மிச்சம்.

ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. மதிப்பெண் குறைந்ததற்கு ஏதாவது காரணம் இருந்தால் எழுதலாம். போன வருஷம் அந்தக் கட்டத்தின் முன்னால் மார்லா ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள்.

"கோல்பி போனதை எழுதேன்," என்றாள் அம்மா டீனா. "அதைவிட என்னடி காரணம் வேணும்?"

"அவன் போனது மூணாவது வருஷம்மா. நான் கோட்டை விட்டது மொத ரெண்டு வருஷம்."

"தேதியெல்லாம் எவன் பாக்கப்போறான்?"

கெண்ட்ராவும் அதையேதான் சொன்னாள். ஊரே அதைத்தான் சொன்னது. கோல்பி மார்லாவின் தம்பி. மார்ச் மாத மழையில், வளைவில் எதிரே வந்த நிலக்கரி லாரி மோதிப் போய்விட்டான். இருபது வயசு. மார்லா எழுதினாள். அழகாக எழுதினாள், அதுதான் கொடுமை.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் பிராண்ட் என்ற பேராசிரியை தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க தம்பி இறந்தது வருத்தமான விஷயம்," என்றார். "ஆனா ஒண்ணு புரியலை. அவர் இறந்ததுக்கு அப்புறம்தான் உங்க மார்க்கெல்லாம் ஏறியிருக்கு."

மார்லாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. மூன்று மணி நேரம் காரோட்டி வீடு வரும் வழியில், அவன் செத்த வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, "உன்னை வித்துட்டேண்டா" என்று வாய்விட்டு அழுதாள். இடமும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

இந்த வருஷம் மறுபடி அதே கட்டம். அதே அம்மா.

"கட்டத்தைக் காலியா விட்டுடு," என்றாள் டீனா. "வம்பே வேணாம்."

மார்லா காலியாக விடவில்லை. நாலு வரி எழுதினாள். 'முதல் இரண்டு வருஷமும் நான் படிக்கவில்லை. என் தம்பி மண் பாதையில் கார் பந்தயம் ஓட்டினான். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வாராவாரம் ஊருக்குப் போய் அவனுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் பிடித்தேன். போன வருஷம் எழுதியது பொய். என் மதிப்பெண் குறைந்தது அவன் இறந்ததால் அல்ல, உயிரோடு இருந்ததால்.'

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, இனிமேல் ஆண்டவனே வந்தாலும் இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே பேராசிரியை.

"அந்த ரெண்டு வருஷம் வீணாப் போச்சேன்னு வருத்தமா இருக்கா?" என்று கேட்டார் டாக்டர் பிராண்ட்.

ஆமாம் என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம். பாடம் கற்றுக்கொண்டேன், பக்குவப்பட்டேன் என்று எல்லாரும் சொல்லும் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லீங்க மேடம்," என்றாள் மார்லா. "மார்க்குக்காக வருத்தம் உண்டு. அந்த ரெண்டு வருஷத்துக்காக இல்லை. அவங்கூட எனக்குக் கடைசியாக் கிடைச்சதே அவ்வளவுதான்."

பேராசிரியை ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. கோல்பிக்குப் பல் சரியில்லை. சின்ன வயசிலிருந்து இனிப்புச் சோடாவைத் தண்ணீர்போலக் குடித்து, பதினெட்டு வயசுக்குள் முன்பல்லெல்லாம் கறுத்துப்போயிருந்தது. கோப்பை வாங்கிய போட்டோவில்கூட உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பான். பந்தயத் திடலில் ஒருநாள், முகமெல்லாம் மண்ணாக வந்து கேட்டான்:

"அக்கா, நீ பல் டாக்டர் ஆனதும் மொத ஆளு யாரு?"

"நீதாண்டா. வேற எந்தக் கிறுக்கன் என்னை நம்பி வாயைத் திறப்பான்?"

"சத்தியமா? மொத இடம் எனக்கு. எவன் வந்து கெஞ்சினாலும் குடுக்கக் கூடாது."

"போட்டாச்சு போ."

அவன் சிரித்தான். அவளிடம் மட்டும் வாயைத் திறந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஒரு போட்டோவிலும் இல்லை.

ஹோபர்ட்டின் கடைவாய்ப் பல் பாதி ஆடிக்கொண்டிருந்தபோது சட்டைப்பை அதிர்ந்தது.

மார்லா அசையவில்லை. ஒரு கையில் குழாய், ஒரு கையில் பஞ்சு. எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. கெண்ட்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்துத் தொலையேண்டி!"

"ரத்தம் வருது."

"ஆ... ஆ... ஆ!" என்றார் ஹோபர்ட். பேச முடியாத மனுஷன் கையை நீட்டி, அவளிடமிருந்து குழாயைப் பிடுங்கித் தன் வாயில் தானே வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் சுரங்கத்தில் வேலை செய்தவருக்கு ஒரு குழாய் பிடிப்பது பெரிய காரியமில்லை.

மார்லா கையுறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தாள். டாக்டர் பிராண்டின் குரல். பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மார்லா "சரிங்க மேடம்" என்று மூன்று முறை சொன்னாள், "நன்றி" என்று ஒரு முறை. போனை வைத்தாள்.

"என்னடி?"

"ஆகஸ்ட்ல சேரச் சொல்லிட்டாங்க."

கெண்ட்ரா பல் பிடுங்கும் குறடோடு வந்து கட்டிப்பிடித்தாள். "போயிடுவியாடி? எனக்கு யாருடி இருக்கா?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பிறகுதான் ஹோபர்ட் ஞாபகம் வந்து ஓடிப்போய் மிச்சப் பல்லைப் பிடுங்கினாள்.

பஞ்சைக் கடித்தபடி ஹோபர்ட் எழுந்து உட்கார்ந்தார். மரத்துப்போன உதடு ஒருபக்கம் தொங்க, மெனக்கெட்டுப் பேசினார்.

"கண்ணு, படிச்சு முடிச்சு வந்ததும் மொத வாய் என்னுதுதான். மிச்ச பல்லை உனக்காக வெச்சிருப்பேன். இப்பவே பேரை எழுதிக்கோ."

கெண்ட்ரா சிரித்தாள். மார்லாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு ரெண்டாவது இடம் தர்றேன், ஹோபர்ட் மாமா," என்றாள். "மொத இடம் போட்டாச்சு."

"யாருக்கு?"

அவள் கருவித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் வெகுநேரம் நின்றாள்.